மணியின் வால்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊறவைத்த துணிகளை மாரிக்கனி அலசிக்கொண்டிருந்தபோது கணவன் காளிராஜிடமிருந்து போன் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு வரும் அழைப்பு. கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தாள்.

"மணி என்னையக் கடிச்சிட்டான்" என்றான் எடுத்த எடுப்பில். "வால ஆட்டிக்கிட்டே கடிச்சிட்டான். ஊசியெல்லாம் போட்டாச்சு. இனிமே நாய் வீட்டுல இருக்கக்கூடாதுங்காவ மதினி. கான்சாபுரத்துல ஒரு தோப்புக்காரர் சாயங்காலம் வந்து கொண்டு போறேன்னிருக்காரு. அதுக்கு முன்னால நீ ஒரு தடவ பாக்கணும்னா..."

அவள் பிழிந்த துணிகளை வாளியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரைமணி நேரம். அந்தத் தூரத்தைக் கடக்க இருவராலும் ஒன்றே முக்கால் வருடமாக முடியவில்லை. காளிராஜின் அண்ணன் திடீரென்று இறந்தபோது அவருடைய டூவீலர் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். "மூணு மாசம் நடத்திக் குடுத்திட்டு வந்திருதேன்" என்று போனான். மூன்று மாதம் ஆறானது. அங்கே வந்துவிடு என்று அவன் கூப்பிடுவான் என்று அவள் இருந்தாள். திரும்பி வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லுவாள் என்று அவன் இருந்திருப்பான் போல. ஞாயிற்றுக்கிழமை வருகைகள் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றன. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது யாராவது வந்திருப்பார்கள்.

மணியைக் கொண்டுவந்ததும் காளிராஜ்தான். நாற்பது நாள் குட்டி, பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. பெயர் வைத்து ஒரு வாரம் கழித்து, சமையலறையில் எவர்சில்வர் அண்டா விழுந்து வீடே அதிர்ந்தபோது குட்டி அசையாமல் தூங்கியது. அப்போதுதான் காது கேட்காது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மாரிக்கனி கையால்தான் பேசினாள். அவள் வேலை பார்க்கும் நூல் மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே எட்டு மணி நேரமும் எல்லாரும் பேசுவது கையால்தான் என்பதால் அவளுக்கு அது சிரமமாக இல்லை. மணி உடம்பால் பதில் சொன்னான். வால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது, காது முன்னால் நிற்கிறதா, பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அவளுக்கு அவன் பேச்சு பழகிவிட்டது. காளிராஜ் போன பிறகு, அவள் ஷிப்ட்டுக்குப் போகும் நேரமெல்லாம் மணி தனியாகக் கிடந்து கதவைப் பிறாண்டினான். நகத்தில் ரத்தம் வந்தது. அவள்தான் போன் செய்து கொண்டுபோகச் சொன்னாள். அவன் வந்து ஏற்றிக்கொண்டுபோன நாளில் அவள் மில்லில் இருந்தாள். அன்று லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

பட்டறைக்குப் பின்னால், எண்ணெய் டின்களுக்கும் மதிலுக்கும் நடுவே மணி கட்டிக் கிடந்தான். முகம் மதிலைப் பார்த்திருந்தது. காளிராஜ் கையில் கட்டோடு நேராக அவனிடம் நடந்தான்.

"நில்லுங்க. பின்னால யாரு வந்தாலும் அவனுக்குத் தெரியாதுல்லா?"

அவள் மதிலோரமாகச் சுற்றிப்போய், அவன் கண்ணில் படும் இடத்தில் நின்றாள். மணி சட்டென்று எழுந்தான். உடம்பு பலகையாக விறைத்தது. மேலே தூக்கி நின்ற வாலின் நுனி மட்டும் படபடவென்று ஆடியது.

"பாத்தியா, ஆட்டுதான். அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டுனான். சந்தோசமா இருக்கான்னு நெனச்சிக் கிட்டப் போனேன்."

"இது சந்தோசமில்ல. நுனி மட்டுந்தான துடிக்கி, உடம்பு அசையுதா பாருங்க. கிட்ட வராதன்னு சொல்லுதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மணி நின்ற இடத்திலேயே நின்றான். என்னை மறந்திருப்பானோ என்று நினைத்தாள். மதிலைத் தாண்டி ஒரு காற்று வந்தது. மணியின் மூக்கு அசைந்தது. வால் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு அகலமாக ஆடத் தொடங்கியது. வாலோடு இடுப்பு ஆடியது, இடுப்போடு முதுகு வளைந்தது. காது பின்னால் ஒட்டிக்கொள்ள, சுருதி இல்லாத ஒரு குரலில் அழுதுகொண்டே சங்கிலி இழுக்கும் மட்டும் வந்து அவள் மடியில் முகத்தைத் திணித்தான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று காளிராஜ் கேட்டான்.

அவள் மணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

தடவிக்கொண்டே போன கை கழுத்துக்கு வந்ததும் மணி உறைந்தான். நாக்கால் உதட்டை நக்கினான். முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள். அவனாகத் திரும்பி வரும்வரை காத்திருந்து, கழுத்துப் பட்டையை மெதுவாகக் கழற்றினாள். அதன் கீழே வட்டமாகத் தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது.

"எங்க பிடிச்சீங்க அன்னைக்கி?"

"பட்டையத்தான். குளிப்பாட்டலாம்னு இழுத்தேன்."

"வலிக்குன்னு சொல்லிப் பாத்திருப்பான். மொகத்தத் திருப்பியிருப்பான், கொட்டாவி விட்டிருப்பான். ஒண்ணையும் பாக்கலேன்னா பொறவு பல்லுதான்."

காளிராஜ் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு இதெல்லாம் தெரியல மாரி. வாயத் தெறந்து சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

அவள் குனிந்து சீழைத் துடைத்தாள். அவனுடைய மதினி, அண்ணன் மனைவி பாண்டிசெல்வி, வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து சற்றுத் தள்ளி வைத்தாள்.

"நாய அனுப்பச் சொன்னது வேணும்னு இல்ல மாரி. பிள்ளைக ஓடியாடுத எடம்."

"தெரியும்க்கா" என்றாள். பிறகு காளிராஜைப் பார்த்து, "கான்சாபுரத்துக்காரர வரவேண்டாம்னு சொல்லிருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"ஒன் ஷிப்ட்டு?"

"டே ஷிப்ட்டாக் கேக்கப்போறேன், ராத்திரியாவது அவன் தனியாக் கெடக்காம. இத்தன நாளும் கேக்காம இருந்தது என் தப்பு."

பக்கத்துக் கடையின் லோடு ஆட்டோவை அவன் இரவல் வாங்கி வந்தான். பின்னால் சாக்கை விரித்து மணியோடு அவள் உட்கார்ந்தாள். சின்னக் கண்ணாடி வழியாக அவன் பிடரி தெரிந்தது. காதுக்குப் பின்னால் முழுதும் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் மணியை இறக்கிவிட்ட பிறகும் அவன் உள்ளே வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தான்.

"தெனமும் மருந்து போடணும்ல? வரட்டுமா?"

"மருந்து நான் போட்டுருவேன்."

அவன் தலையாட்டினான். அவள் நிலைப்படியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அவனப் பிடிச்சிக்கிடத்தான் ஆளு வேணும்" என்றாள்.

சாவியிலிருந்து அவன் கை இறங்கியது. பின்னால் வந்த தண்ணீர் லாரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. இருவரும் திடுக்கிட்டார்கள். மணி மட்டும் எதுவும் கேட்காமல் முன்னங்கால்களை வண்டிப் படியில் தூக்கி வைத்து, காளிராஜின் முழங்காலில் மோவாயைச் சாய்த்தான். லாரி மறுபடி ஹாரன் அடித்தது. தடவுவதற்காகக் கட்டுப் போட்ட கையை நீட்டியவன், பாதியில் நிறுத்திவிட்டு, உடம்பைச் சாய்த்து எட்டி, முதலில் வாலைப் பார்த்தான்.