இடது காது

குழாயடியிலிருந்து ஜீவராணி பலமுறை "என்னங்க" என்று கூப்பிட்டும், தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த புருஷன் திரும்பவில்லை. வாளியோடு நின்ற மல்லிகா, "மாலைதீவு போய் வந்தவரு. நம்ம கூப்புட்டா இனி காதுல விழுமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராணியும் சிரித்துவைத்தாள். ஆனால் அவன் லீவில் வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு சந்தேகம். பேசினால் தலையைச் சாய்க்கிறான். அவள் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தால் எழுந்து இடம் மாறுகிறான்.

இந்திரகுமார் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்குச் சிலிண்டர் சுமக்கப் போனான். அங்கே வெள்ளைக்காரர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, கடலுக்குள் மீன் பார்க்க இறங்குவார்கள். போகப்போக அவனுக்கும் கற்றுக்கொடுத்து, துணைக்கு இறக்கிவிட்டார்கள். இந்த முறை அதன் வீடியோ சீடி ஒன்று கொண்டுவந்திருந்தான். கடைக்கார ஸம்சுதீன் நானா டீவியும் பிளேயரும் கொடுக்க, லயமே கூடிப் பார்த்தது. பாய் அகலத் திருக்கை ஒன்று அவன் தலைக்கு மேலே மெதுவாகச் சிறகடித்துப் போனது. சுறாக்கள் சுற்றிவர, அவன் பாறையருகே அசையாமல் இருந்தான். ஒரு ஆமை கண்ணாடிக்கு நேரே வந்து நின்று, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. ஜீவராணி திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி மலர்ந்த முகத்தை அவள் கண்டதில்லை. ஆமை மேல் போய்ப் பொறாமைப்பட்டாள்.

குழாயடியில் அப்படி நடந்த பிறகு அவள் விடவில்லை. தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"இடது காது போயிடுச்சு, ராணி. சுத்தமா."

"எப்புடிங்க?"

"நீ உருட்டிக் குடுத்தியே, ஒட்டுப்பால். அத வச்சிக்கிட்டுத்தான் எறங்குனேன்."

தோட்டத்தில் அது வழக்கம். ஓயா ஆற்றில் முங்கிக் குளிப்பவர்கள், மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர் பாலை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார்கள். தண்ணீர் ஏறாது. போன லீவில், கடலுக்குள் காது குத்துகிறது என்று அவன் சொன்னதால், நல்ல பாலாகப் பார்த்து எடுத்து, அவன் காதுக்கு அளவாக உருட்டிக் கொடுத்தவள் அவள்தான். ஆழத்தில் காதை அடைக்கவே கூடாது என்று கற்றுக்கொடுத்தவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ரப்பரைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று, இவன் அதைத் தலையுறைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். கடல் அந்த உருண்டையை உள்ளே நெட்டித் தள்ளிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"வலிக்கலியா?"

"மேல வந்தப்பதான் ரத்தத்த பாத்தேன். கீழ அந்தத் திருக்கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." அதைச் சொல்லும்போதும் அவன் முகம் மலர்ந்தது. "கமக் நே, பரவால்ல. இன்னொன்னு இருக்குதானே."

எதையாவது பூசி மெழுகும்போதுதான் அவனுக்குச் சிங்களம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரமே, திரும்பிப் போவதற்குக் கொழும்பில் மெடிக்கல். டொக்டர் பின்னால் நின்று மெல்லச் சொல்வார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றதால் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். வலது காதில் விரலை லேசாக வைத்தால் பொத்திய காதாலேயே கேட்டுவிடலாம் என்பது அவன் திட்டம். தேறினால் மறுபடியும் கடல், கூடவே மற்றக் காதும் போகலாம். தேறாவிட்டால் மறுபடியும் பால் வெட்டு. டீவி வெளிச்சத்தில் கண்ட அந்த முகத்தை அப்புறம் மறந்துவிட வேண்டியதுதான். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கெடுத்தவள் எந்த முகத்தோடு தடுப்பது?

மெடிக்கலுக்கு முந்திய நாள் பின்னேரம், அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவளைப் பின்னால் நிறுத்தினான். முதலில் வலது காது. அவள் மெல்லச் சொன்ன தேங்காய், கொழும்பு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னான்.

"இப்ப இடது. மொதல்ல நெசமா எவ்ளோ கேக்குதுன்னு பாப்போம்" என்று, வலது காதை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டான்.

ஜீவராணி மூச்சுப் படாத தூரத்தில் நின்றாள்.

"போகாதீங்க" என்றாள். "நா செஞ்ச பாவம் ஒரு காதோட போகட்டும். மத்ததும் போயிட்டா, நா கூப்புடறது ஒங்களுக்கு எப்பவுமே கேக்காது. கடல விட்ருங்க. எனக்காக விட்ருங்க."

கடைசியில் குரல் உடைந்து சற்று உரத்தே வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் அசையவில்லை. அடைத்திருந்த விரலின் முட்டி வெளுத்திருந்தது.

"ஆரம்பியேன், ராணி" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே இடது காதை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தான்.