நாற்பது பேருக்கான கப்பல்

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றினேன். கயிறு இழுக்க நான், சல்யூட் அடிக்க நான், வேடிக்கை பார்க்கவும் நானேதான். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஆறு மாதமாகக் கட்டிக் கிடக்கிறது எங்கள் கடற்படை ரோந்துக் கப்பல். நாற்பது பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே பேர். எஞ்சின் அறைத் தலைவன் நான், எனக்குக் கீழே ரூரி. ஆனாலும் மதியம் ஒலிபெருக்கியில் "எல்லாரும் சாப்பிட வரலாம்" என்று அறிவிப்பேன். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ரூரி, "கூட்டத்துல இடிக்காதீங்கப்பா" என்பான்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதும் ஒன்றியத்தின் மேற்குக் கடல் எங்கள் தலையில் விழுந்தது. அவர்கள் கடலில் இடமில்லாமல் போன மீன்பிடிப் படகுகள் எங்கள் பக்கம் திரும்பின. பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறான் என்று தாழ்ப்பாள் போடாமலே தூங்கிய நாடு இது. பாதுகாப்புக் கொள்கை, கூடுதல் ரோந்து என்று தலைநகர் டப்ளினில் தடித்தடியாக அறிக்கை போட்டார்கள். அறிக்கை எஞ்சினை ஓட்டுமா?

ஒருவழியாக மற்ற கப்பல்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, திங்கட்கிழமை கிளம்பலாம் என்று உத்தரவு வந்தது. எஞ்சின் ஆள் மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை; எஞ்சின் அறையில் இரண்டு பேர் இருந்தால்தான் அனுமதி. எனக்குக் கரையில் ஓர் அறையும் ஒரு கெட்டிலும்தான் உண்டு. மனிதர்கள் எனக்குக் கடலில்தான் கிடைப்பார்கள். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ரூரி ஒரு தாளை நீட்டினான்.

"மருந்து கம்பெனில வேலை கெடச்சிருச்சு சீஃப். வெள்ளிக்கிழமையோட கெளம்புறேன்."

"டேய், திங்கக்கிழமை கப்பல் போகுதுடா. நீ இல்லேன்னா நின்னுரும்."

"ஒரு நாடே ஒன்றியத்த விட்டு எந்திரிச்சுப் போச்சு. யாராவது கையப் புடிச்சு நிறுத்துனாங்களா?" சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "எம்பொண்ணு என்னை 'அந்த ஆளு'ங்கறா சீஃப். எம்பொண்டாட்டி நோரீன் அதைக் கேட்டு சிரிக்கறா. எனக்கு சிரிப்பு வரல."

என் கையெழுத்து இல்லாமல் தாள் நகராது. ஒரு வாரம் இழுப்பறையில் தூங்க வைத்திருக்கலாம். மனசு அதைத்தான் கேட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ரூரி இறங்கினான். "உடம்பப் பாத்துக்கங்க சீஃப்" என்றான். உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அவன் போவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பழக்கத்தில் மைக்கை எடுத்து, "எல்லாரும் சாப்பிட வரலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

குரல் காலி அறைகளையெல்லாம் சுற்றி, மேல்தளம் வழியாகப் படகுத்துறைக்கும் போயிருக்க வேண்டும். வட்ட ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தன் காரின் கதவைத் திறந்திருந்த ரூரி, பையைக் கீழே வைத்துவிட்டு, கப்பலை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்திருந்தான்.