குரங்குக்குத் தெரிந்த கை

என் கையில் பலம் குறைவதை டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்தவை குற்றாலத்துக் குரங்குகள்தான். மெயின் அருவிக்குப் போகும் வழியில் எங்கள் சிப்ஸ் கடை. அத்தனை பேர் நடமாடும் தெருவில் என்னை மட்டும் தேடி வந்து பாக்கெட்டைப் பறிக்கும். லேசாக இழுத்தாலே வந்துவிடும் என்று அதுகளுக்குத் தெரிந்திருந்தது. எரிச்சலாக வரும்.

நரம்பு செல்லில் ஒரு மரபணு பழுது என்று பிறகுதான் தெரிந்தது. போகப்போக இரண்டு கையும் சும்மா தொங்குமாம். சேலைக்கு ஊக்கு குத்தவே என் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. சேலையைவிட என் தோளில்தான் அதிகம் குத்துவார்.

புது சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்த சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் பெர்சிஸ் விளக்கினார். "குரங்குகிட்ட இருந்து எடுத்த வைரஸ்ம்மா. அதுக்குள்ள இருக்கறதை எடுத்துட்டு, நல்ல மரபணுவை வச்சு அனுப்பறோம். நோய் வராது. நரம்பு செல்லுக்குப் போற வழி மட்டும் அதுக்குத் தெரியும்."

கூட வந்திருந்த இவருக்கு உடனே புரிந்துவிட்டது. "கேரளா போற புளியறை செக்போஸ்ட் லாரி மாதிரிட்டி. பழைய சரக்கை எறக்கிட்டுப் புதுச் சரக்கு ஏத்துதாங்க. டிரைவர் மட்டும் குரங்கு."

"ஆனா உங்க உடம்பு இந்த வைரஸை முன்னாடியே பார்த்திருக்கக் கூடாது" என்றார் டாக்டர். "பார்த்திருந்தா வாசல்லயே அடிச்சு விரட்டிடும். ரத்தத்தைச் சோதிச்சாத்தான் தெரியும்."

இவர் முகம் செத்துப்போனது. "மேடம், குரங்கு பிச்சுப் போட்ட நேந்திரங்குலையில மிச்சத்தை வீணாக்க வேண்டாம்னு வீட்டுக்குக் கொண்டு போவேன். இவதான் தின்னுருக்கா."

"எத்தனை நாளா?" நான்தான் கேட்டேன்.

"கல்யாணம் ஆனதுல இருந்து."

கையில் மட்டும் பலம் இருந்திருந்தால் அங்கேயே ஒன்று வைத்திருப்பேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழத்தால் வர வாய்ப்பு குறைவு, மனிதர்களிடம் பரவும் அதன் உறவுக்கார வைரஸ்கள்தான் கவலை என்றார்.

இவர் நம்பவில்லை. ரிசல்ட் வரும்வரை உண்டிவில்லோடு வீட்டு வாசலில் காவல் இருந்தார். ஒரு குரங்கும் என் பக்கம் மூச்சு விடக் கூடாதாம். உள்ளே நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

தடையில்லை என்று ஃபோன் வந்தது. ஊசி போட்டார்கள். பலம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறு சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், சிப்ஸ் பாக்கெட்டோடு கடை முன்னால் நின்றேன். பழைய கிழட்டுக் குரங்கு நேராக என்னிடம் வந்து வழக்கம்போல லேசாக இழுத்தது. வரவில்லை. ஓங்கி இழுத்தது. அப்போதும் வரவில்லை. அது என் முகத்தைப் பார்த்தது. நான் என் கையைப் பார்த்தேன்.

உண்டிவில்லோடு ஓடி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "விட்டுராதட்டி! விட்டுராத!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அவருக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

கடைசியில் குரங்குதான் விட்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரிடம் போய், கையில் இருந்த உண்டிவில்லை லேசாக இழுத்தது. வந்துவிட்டது.