மாமனாரைவிட மூத்த மாப்பிள்ளை

ஆய்வுக்கூடத்தின் வெப்ப அறைக்குள் இருபத்தேழு வயதில் போன கைநழுவி, மூன்று மாதம் கழித்துத் தன் வருங்கால மாமனாரைவிட இரண்டு வயது மூத்தவராக வெளியே வந்தார். முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து மூக்குக்கண்ணாடி கேட்டார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் முகக் கிரீமை யாரும் சோதிப்பதில்லை. கிரீம் அடைத்து வரும் டப்பாவைத்தான் சோதிப்பார்கள். டப்பாவின் பிளாஸ்டிக் கிரீமுக்குள் இறங்குகிறதா, வாசனை வெளியே கசிகிறதா, ஈரக்கையிலிருந்து வழுக்கினால் உடைகிறதா, வேலை முடிந்தபின் மண்ணோடு மண்ணாகிறதா என்பதெல்லாம் அங்கே வேலை. கம்பெனிகள் இப்போதெல்லாம் கேட்பது, இரண்டு வருடம் அலமாரியில் அசையாமல் உழைத்துவிட்டு, தூக்கிப் போட்டதும் ஆறே மாதத்தில் தடம் தெரியாமல் போகிற டப்பா. பெண் வீட்டார்கூட மாப்பிள்ளையிடம் இவ்வளவு கேட்பதில்லை. கைநழுவியின் வேலை டப்பாக்களைக் கீழே போடுவது. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில், அடி கீழே இருக்க ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. வேண்டுமென்றே கைநழுவ விட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் அந்தப் பெயர் வந்தது. மற்றபடி அவன் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கீழே போட்டதில்லை. பக்கத்து மேசையில் மூடிக்காரி. மூடியைத் திருகித் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளப்பது அவள் வேலை. பழக்கதோஷத்தில் மனிதர்களையும் அப்படித்தான் அளந்தாள். கைநழுவியைத் திறக்க பலமே தேவைப்படவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் பிடித்துப்போயிற்று.

மூடிக்காரியின் அப்பாதான் அங்கே தலைமைப் பரிசோதகர். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடாதவர்களை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பையனுக்கு என்ன வயது. மகளைவிட ஒரு வயது குறைவு என்று தெரிந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டார். "வயசுல சின்னவனை வாங்க போங்கன்னு நீ எப்படிக் கூப்பிடுவே? புருஷன்னா ஒரு வயசாவது மூத்திருக்கணும். மூத்தவனா ஒருத்தனைக் கொண்டா, மறு பேச்சே பேச மாட்டேன்" என்றார். கைநழுவியின் குணம், சம்பளம், குடும்பம் எதையும் அவர் குறை சொல்லவில்லை. அதனால்தான் வாதாட வழியில்லாமல் போயிற்று.

வெப்ப அறை என்பது ஆள் உயர அலமாரிகள் வைத்த, ஜன்னல் இல்லாத அறை. சூடும் ஈரமும் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். அதற்குள் மூன்று மாதம் இருந்த டப்பா வெளியே இரண்டு வருடம் இருந்த டப்பாவுக்குச் சமம். சூட்டைப் பத்து டிகிரி ஏற்றினால் காலம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும். இந்தக் கணக்கின் மேல்தான் பெரியவர் தன் காலம் முழுவதும் கையெழுத்துப் போட்டார். அறைக்கு இரண்டு விதிகளும் வைத்திருந்தார். சீட்டு இல்லாத எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சீட்டுக் கட்டிய எதையும் தவணை முடியும்வரை வெளியே எடுக்கக் கூடாது. ஒருமுறை யாரோ தவறுதலாகத் தன் குடைக்குச் சீட்டுக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, மழைக்காலம் முழுவதும் நனைந்துகொண்டே வேலைக்கு வந்தார்.

மூடிக்காரிதான் கைநழுவியின் கழுத்தில் சீட்டைக் கட்டினாள். வந்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, சோதனை முறை எல்லாம் சரியாக எழுதியிருந்தது. உமியால் செய்த கிரீம் டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரியின் கீழ்த் தட்டில் அவன் உட்கார்ந்துகொண்டான். வேளாவேளைக்கு அவள் சாப்பாடு கொண்டுபோனாள். வாரச் சோதனைக்கு வந்த பெரியவர் டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் அவனையும் முகர்ந்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இங்க என்னடா பண்றே? வெளிய வா."

"சீட்டு இருக்கு சார்."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. மகளைக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்துக்குள் அவளும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"தவணை முடியட்டும் சார். நடுவுல எடுத்தா சோதனை செல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

பெரியவர் விதியை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். அவனை வெளியே எடுக்கத்தான் விதி தடுத்தது, சூட்டை ஏற்றத் தடுக்கவில்லை. அன்று பத்து டிகிரி ஏற்றினார். பயல் தானாக எழுந்து ஓடுவான் என்று எண்ணினார். ஓடவில்லை. சில நாளில் இன்னொரு பத்து ஏற்றினார். பிறகு அது அவருக்கும் அந்த அறைக் கதவுக்கும் நடுவிலான வீம்பாகிவிட்டது. கடைசியில் மூடிக்காரி பச்சை முட்டையைக் கொண்டுபோனால் போதும், அவன் கைக்குப் போவதற்குள் வெந்திருக்கும். உள்ளே அவனுக்குப் பல் கூசியது, மீசை நரைத்தது, அரசியலில் அக்கறை வந்து பிறகு போயிற்று. எழுந்து போய்விடலாம் என்று பல வருடம் யோசித்ததாகவும், அவள் அடுத்த வேளைச் சாப்பாட்டோடு வந்துவிடுவாள் என்பதால் இருந்துவிட்டதாகவும் பின்னால் சொன்னார்.

தவணை முடிந்த அன்று அவரை மேசை மேல் உட்காரவைத்துச் சோதித்தார்கள். ஓரங்களில் வெளுப்பு, முழங்காலில் லேசான சத்தம், எடை குறைவு. விரிசல் இல்லை. உள்ளே இருந்த பொருளில் மாற்றம் இல்லை என்பதை மூடிக்காரி தானே சோதித்துச் சொன்னாள். அவரது கையைப் பிடித்து ஒரு திருகு திருகிப் பார்த்தாள், பழையபடி உடனே திறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் அவருக்கு ஐம்பத்தொன்பது. பெரியவருக்கு ஐம்பத்தேழு. கணக்கு தப்பு என்று சொல்ல அவர் வாய் திறந்தார். தப்பு என்றால், அவர் கையெழுத்தோடு ஊரெங்கும் குளியலறைகளில் நிற்கும் அத்தனை டப்பாவும் தப்பு. வாயை மூடிக்கொண்டார். பிறகு வேறு வழி தேடினார்.

"முறைப்படி பார்த்தா, வெப்ப அறை முடிஞ்சா அடுத்தது மண்ணுதான். தோட்டத்துல குழி தயாரா இருக்கு."

"மண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் உபயோகத்துல இருக்கணும்பா. அதுவும் முறைதான்" என்றாள் மகள், அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாக சாரை விட்டுவிட்டு. "மூத்தவனா கொண்டான்னீங்க. எவ்வளவு மூத்தவன்னு சொல்லலியே."

கல்யாணம் சிக்கனமாக நடந்தது. கைநழுவியின் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்படியே உங்கப்பா மாதிரி இருக்கீங்க" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டு நிலைமையைச் சரிசெய்துகொண்டார். உமி டப்பாக்கள் மண்ணுக்குள் போய், சொன்னபடி காணாமல் போயின. கம்பெனிக்காரர்கள் சந்தோஷமாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் மூடிக்காரி சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தன் கழுத்திலும் சீட்டைக் கட்டிக்கொண்டாள். பெரியவர் கதவை மறித்து நின்றார். இளமையை இப்படித் தொலைக்கலாமா என்றார். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதிலும் மூடி திருகுவதிலும் எப்படியும் தொலையப்போவதுதான், இங்கே உட்கார்ந்தாவது தொலைக்கலாம் என்றாள். "நீங்க சொன்ன ஒரு வயசு வித்தியாசம் மட்டும் இருக்கட்டும்பா. அதுக்கு ஏத்த மாதிரி சூட்டை வைங்க." இந்த முறை அவர் வீம்பில்லாமல் சூட்டுக் குமிழைத் திருகினார். தினமும் போய்க் கதவில் காது வைத்துக் கேட்டார். உள்ளே அவள் வருடக்கணக்காக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், பெரும்பாலும் அவரைத் திட்டித்தான்.

அவள் கணவரைவிட ஒரு வயது குறைந்தவளாக, அப்பாவைவிட ஒரு வயது கூடியவளாக வெளியே வந்தாள். முழங்கால் தைலத்தைப் பங்குபோட ஆள் கிடைத்ததில் அவள் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஆய்வுக்கூடத்தில் பெரியவர் என்ற பெயர் கைநழுவிக்கு மாறிப்போனது. பழைய பெரியவரைச் சின்னவர் என்றார்கள், அவரும் சில மாதத்தில் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். வயதுக்கு மரியாதை என்பது அவர் வைத்த விதி, அதை அவரே மீற முடியவில்லை. வீட்டு ஆண்களில் இளையவர் என்பதால் கேஸ் சிலிண்டர் தூக்குவதும் கடைக்கு ஓடுவதும் அவர் வேலையாயிற்று. சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், அந்த வீட்டின் ஒரே சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்பார் மாப்பிள்ளையிடம். மகள் பின்னாலேயே வந்து, "சர்க்கரை கம்மியாப் போடுப்பா" என்பாள். அவர் டீ போட உள்ளே போவார்.