கீழேரித் தெருவின் ரத்தம்

தேவநாதன் விரலைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். வேலையில் அவனிடம் சொல்லக்கூடிய சோம்பேறித்தனம் அது ஒன்றுதான். திண்டிவனத்தில் அவனுக்குக் காய்ச்சல் ரத்தம் எடுக்கிற உத்தியோகம். ஊர் ஊராகச் சைக்கிளில் போய், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பெயர் எழுதிக்கொண்டு வரவேண்டும். நாளைக்கு நாற்பது விரல் பிடிக்கிறவனுக்கு மூஞ்சி எதற்கு என்பது அவன் கட்சி. அந்தக் கட்சிதான் அவனைக் கீழேரியில் கவிழ்த்தது.

யுத்த காலம், நாற்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசி. பிரம்மதேசத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிப் பத்தே வீடுகள் உள்ள தெரு கீழேரி. மழை விட்ட கையோடு காய்ச்சல் வந்து மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. தேவநாதன் போனபோது தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் தொங்கியது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் தெருவுக்குப் பெரியவரான பெரியசாமி நின்றிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மாரியாத்தாளுக்குக் காப்பு கட்டிக்கினு இருக்கோம் சார். ஒம்போது நாளைக்கு வெளியாளு மூஞ்சிய நாங்க பாக்கக்கூடாது. எங்க மூஞ்சிய நீங்க பாக்கக்கூடாது. அப்பால வாங்க."

"அப்பால வந்தா எத்தினி பேரு மிச்சம் இருப்பீங்கன்னு யாருக்குங்க தெரியும்? வீட்டுக்கு ஒருத்தர், ஒரு சொட்டு ரத்தம். சர்க்கார் உத்தரவு."

முதுகு சற்று நேரம் யோசித்தது. "மூஞ்சி பாக்காம எடுப்பீங்களா?"

"எனக்கு விரல் போதும்."

போதுமாம். வாய்க்கொழுப்பு, வேறென்ன. ஒன்பது நாள் காத்திருந்திருக்கலாம், அல்லது காரணம் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

பெரியசாமி சொன்னபடி குனிந்த தலை நிமிராமல் நடந்தான். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில், மண்சுவரில் புகை போக ஒரு ஓட்டை. முன்னே போன பெரியசாமி திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்ல, ஓட்டையிலிருந்து ஒரு கை வரும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஒரே ஒரு விரல் மட்டும் நீண்டிருக்கும். முதல் வீட்டில் இடது சுண்டுவிரல். அடுத்ததில் அதற்குப் பக்கத்து விரல். வெங்கடாசலம், அம்சவள்ளி, விருத்தாசலம் என்று பெயர்கள் மாறின. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்கு மண் கிளறிக் காய்த்த கையில் ஆண் என்ன, பெண் என்ன. எல்லா விரலும் கொதித்தது.

தெருவில் நாய் குரைப்புக்கூட இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அவன் நகரும்போது மட்டும் வீடுகளின் பின்பக்கத்தில் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது. அவன் நின்றால், கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்றது. ஏழாவது வீட்டுக்கு வரும்போது அது ரொம்பவும் பின்தங்கி, அவனைக் காக்கவைத்து வந்து சேர்ந்தது. பத்தாவது வீட்டில் நீண்ட வலது சுண்டுவிரல் ஊசி பட்டபோது நடுங்கவே இல்லை. தேவநாதன் சைக்கிளை ஏரிக்கரை தாண்டும்வரை மிதி மிதியென்று மிதித்தான்.

மறுநாள் திண்டிவனத்தில் தகடுகளுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தான். முதல் தகட்டில் கிருமி அப்பிக்கிடந்தது. ஆளைக் கொல்லும் சாதி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்த்தான், நாலாவதைப் பார்த்தான். பத்துப் பேருக்குக் காய்ச்சல் வரலாம் ஐயா. பத்துப் பேர் ரத்தத்திலும் எண்ணி வைத்ததுபோல ஒரே கணக்கில், ஒரே வயதுக் கிருமி இருக்குமா? அவன் தன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து, இடது சுண்டுவிரலிலிருந்து வலது சுண்டுவிரல் வரைக்கும் ஒவ்வொன்றாக மடக்கினான். சரியாகப் பத்து. அப்போதுதான் அந்தக் காலடிச் சத்தம் யாருடையது என்று அவனுக்குப் புரிந்தது.

அந்த ஒரு ஆளுக்கு மருந்து வேண்டும். விழுப்புரத்துக்கு ரயிலேறினான். அங்கே பெரிய ஆபீசில் பட்டியலைப் பார்த்துப் பத்துப் பெயருக்கும் மருந்து கொடுத்தார்கள். குயினைன் கிடைக்காத காலம், புது மஞ்சள் மாத்திரை. பத்தும் ஒரே ஆள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முகம் பார்க்காமலா எடுத்தாய் என்று கேட்டால் உத்தியோகம் அன்றோடு சரி. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பெயரைத் தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை தோரணத்தின் முன்னால் போய் நின்றான். அதே முதுகு.

"பெரியவரே, நெஜத்தைச் சொல்லுங்க. பத்து வீட்டுக்கும் ரத்தம் குடுத்தது ஒரே ஆளுதானே?"

"ஆமாங்க. காப்புக்காரி குப்பம்மா. காப்பு கட்டினவ தெருவுக்கே ஆளு. இந்த ஒம்போது நாள்ல எது வந்தாலும் அவதான் வாங்கிக்கணும். ஊசின்னா ஊசியும்தான்."

"அவ ஒடம்புல இருக்கிற காய்ச்சல் ஆளைக் கொன்னுடும்ங்க. உள்ள வுடுங்க."

"காப்பு கெட்டா தெருவே போயிடும் சார். இன்னும் மூணு கொழந்தைங்களை எங்களால பொதைக்க முடியாது." பெரியசாமியின் குரல் அழுதது. முதுகு அசையவில்லை.

தேவநாதன் தோரணத்தை நோக்கி ஒரு கால் எடுத்து வைத்தான். அந்தத் தெருவின் பத்து ஓட்டைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் பத்துக் கைகள் வெளியே வந்தன. உள்ளங்கையை அவன் பக்கம் விரித்துக்கொண்டு அப்படியே நின்றன. அதில் குழந்தைக் கை ஒன்றும் இருந்தது. எடுத்த காலை அவன் பின்னால் வைத்தான். பயந்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

"மாத்திரையாவது குடுங்க. நாளைக்கு மூணு. ஒண்ணுகூடத் தவறக்கூடாது. அவ உசுரு இதுலதான் இருக்கு, சத்தியம் பண்ணுங்க."

"ஆத்தா மேல சத்தியம் சார். ஒண்ணும் தவறாது." பெரியசாமி பின்பக்கமாகக் கையை நீட்டிப் பத்துப் பொட்டலங்களையும் வாங்கிக்கொண்டார்.

காப்பு முடிந்த அன்று பொழுது விடியவும் தேவநாதன் கீழேரியில் இருந்தான். தோரணத்தை அவிழ்த்திருந்தார்கள். தெரு முழுவதும் வெளியே வந்து அவனுக்காகக் காத்திருந்தது. முதல் தடவையாக அவர்கள் முகங்களைப் பார்த்தான். வீட்டுக்கு ஒருவராகப் பத்துப் பேர் மஞ்சளாக இருந்தார்கள். கன்னம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாத்திரையைத் தின்றால் உடம்பு அப்படித்தான் ஆகும் என்று விழுப்புரத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"மாத்திரைய யாரு தின்னீங்க?"

"நாங்கதான் சார்," என்றார் பெரியசாமி. "காப்புக்காரி வாயில வெளிமருந்து படக்கூடாது. எங்க பேர்ல அவ ரத்தம் குடுத்தா. அவ பேர்ல நாங்க மாத்திரை தின்னோம். ஒடம்புக்கு முடியாதவங்களுக்காக நாங்க மயிலத்துக்குக் காவடி எடுக்கிறது இல்லியா, அந்த மாதிரி. கொமட்டிக்கினு வந்திச்சி, கண்ணை இருட்டிக்கினு வந்திச்சி. ஆனா நாளைக்கு மூணு, தவறவே இல்லை."

"குப்பம்மா எங்க?"

"உள்ள தூங்குறா. ராவும் பகலும் பொலம்பிக்கினு இருந்தவ, நேத்து வெடியல்லருந்து சத்தமே இல்லை. மாத்திரை வேலை செஞ்சிடிச்சி. காப்பு அவுக்கிற வரைக்கும் அவளைத் தொடக்கூடாது, அதான் எழுப்பலை. நீங்க பாத்து சொன்னா அவுத்துடலாம்."

கடைசி வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஈக்கள் ரீங்கரிப்பது தெருவரைக்கும் கேட்டது.

பெரியசாமி தன் விரலை நீட்டினார். அவரைப் பார்த்து மற்ற ஒன்பது பேரும் வரிசையாக நீட்டினார்கள். "எடுங்க சார். எங்க ரத்தத்தைப் பாத்து, அவளுக்குக் கொணமாயிடிச்சான்னு சொல்லுங்க."

அவன் ஊசிப்பெட்டியைத் தொடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் நின்ற பாஞ்சாலி என்கிற இளம்பெண் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி அவன் பக்கம் சாய்ந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கசப்பு தாங்காம நான் ஒரே ஒரு மாத்திரைய துப்பிட்டேங்க. அதனால அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"அதனால ஒண்ணும் ஆயிருக்காதும்மா," என்று சொல்லிவிட்டு தேவநாதன் அந்தக் கதவை நோக்கி நடந்தான்.