தண்ணீர் போன பக்கம்

தண்ணீர் தப்பான பக்கம் போனது.

அத்தையின் கால்களைத் துடைத்துவிட்டு எழுந்தபோது மருமகளின் முழங்கை பட்டு வாளி சாய்ந்துவிட்டது. "பாத்துடி" என்று சொல்லக்கூடியவள் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மூன்றாம் மாடித் தரையைக் கழுவுகிறவள் மருமகள்தான். கொட்டின தண்ணீர் வாசல் பக்கம்தான் வரும். சில மாதங்களாக, அத்தை வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று கழுவுவதை நிறுத்தி, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பழக்கத்தில் வாசலை மறித்துத் துணியைப் போட்டாள். தண்ணீர் துணியின் பக்கமே வரவில்லை. கட்டிலுக்கடியில் நுழைந்து, அவசரமில்லாமல், ஜன்னல் சுவரைப் போய்த் தொட்டது.

குனிந்து பார்த்தாள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் கால்கள் இரண்டுக்கும் கீழே மடித்த அட்டைகள். அவளே செருகியவை.

"சரியுறேன்டி, பிடிச்சுக்கோ." கடைசி மாதங்களில் அத்தைக்கு இதே பேச்சுதான். படுக்கை ஜன்னல் பக்கமாக இழுக்கிறது என்பாள். மருமகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தால் வளையல் தடம் பதிகிற பிடி. டாக்டர் விளக்கினார்: காதுக்குள்ளே மிகச் சின்னக் கற்கள் இருக்கின்றன, மேல் எது கீழ் எது என்று மூளைக்குச் சொல்வது அவைதான், வயதானால் இடம் பெயரும். காரணம் கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதன்பிறகு அத்தை கூப்பிட்டால், "கல்லு ஆடுது போல" என்று சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள், பிடியை மட்டும் விடாமல்.

ஒருநாள் சமாதானத்துக்காக மருந்துப் பெட்டியின் அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தாள். "இப்போ?" என்று கேட்டாள். "இப்போ பரவாயில்ல." சில வாரங்கள் அத்தை நன்றாகத் தூங்கினாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகும் ஒன்று. குழந்தையை ஏமாற்றுவது போல இவளும் செருகிக்கொண்டே வந்தாள். இப்போது அந்த அடுக்கு கட்டைவிரல் தடிப்புக்கு வந்திருந்தது.

கட்டில் விளிம்பிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்துத் தரையில் படுக்க வைத்தாள். அது மெல்லப் புரண்டு தண்ணீர் போன வழியிலேயே போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மனையின் பள்ளம். புதுக் கட்டடத்துக்காக மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் அத்தை போய்விட்ட செய்தி தெரிந்ததும் மண் வண்டிக்காரன் மரியாதைக்கு வண்டியை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த அந்த அமைதியில்தான் அவளுக்குக் கேட்டது. சுவருக்குள்ளிருந்து, விரலில் சொடுக்கு எடுப்பது போல, டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டக்.

படியில் ஆட்கள் ஏறி வரும் சத்தம். கணவன் எதிரிலிருந்த பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பாதிப் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்.

"எங்க வீட்டுக் கதவு வேற மூடமாட்டேங்குதும்மா. மழைக்கு மரம் உப்பிடுச்சு போல."

"மழை எங்கண்ணே பெஞ்சுது?"

"அதானே," என்றபடி நாற்காலியை விரித்தார். அதில் உடனே ஒரு பருத்த மனிதர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர்.

"பெரியண்ணன் நாளைக்குக் காலையிலதான் வருவாராம்," என்று நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதுவரைக்கும் அம்மா இங்கதான். நாமளும் இங்கதான்."

மருமகள் கணவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"தண்ணி ஜன்னல் பக்கம் போகுதுங்க."

"என்ன?"

"தரை சாஞ்சிருக்கு. அத்தைக்குக் காது நல்லாத்தான் இருந்திருக்கு."

குப்பியைத் தரையில் வைத்துக் காட்டினாள். அவன் சிவந்த கண்களால் அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழைய வீடு. கொஞ்சம் சாயத்தான் செய்யும். நாளைக்கு ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வர்றேன். இப்போ வேணாம்மா. இத்தனை பேரையும் எழுந்து போங்கன்னா சொல்ல முடியும்?"

"இன்னும் எத்தனை பேர் வருவாங்க?"

சுவரில் டக் என்றது. கேட்டதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை.

சாப்பிடும்போதுகூடப் பாடம் நடத்துகிற மனிதன். "உலகத்துல இருக்குற நாலு விசையில ஈர்ப்புதான் நோஞ்சான். ஒரு துண்டுக் காந்தம் மொத்த பூமியையும் எதிர்த்து ஊசியைத் தூக்கிடுது, பாத்தியா? ஆனா ஒண்ணு. இதுக்குத் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டும்தான் தெரியும். ஒருநாளும் லீவு போடாது." ஒருநாள் அப்படிச் சொன்னபோது அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "அத்தை மாதிரின்னு சொல்லுங்க," என்றாள். உள்ளறையிலிருந்து அத்தைதான் முதலில் சிரித்தாள்.

ஒருவேளை இந்தப் பயம் தவறாக இருந்தால்? பிணத்தை வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்ற பெயர் சாகும்வரை நிற்கும். சரியாக இருந்தால் என்ற நினைப்பை அவளால் கடைசிவரை கொண்டுபோக முடியவில்லை. சொன்னால் ஒருவரும் கிளம்பமாட்டார்கள். ஆனால் அத்தை போகிற இடத்துக்கு எல்லோரும் போவார்கள்.

கூடத்துக்கு வந்து சொன்னாள். "அத்தையப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டு போயிடலாம். மாடி ஏற முடியாதவங்க ரோட்டுலயே நிக்கிறாங்க."

நாத்தனார் ஈரத் தரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"அம்மா போயி அரை நாள் ஆகல. அதுக்குள்ள வீடு கழுவியாச்சா அண்ணி?"

"அதில்ல..."

"இருந்தப்பவும் உங்களுக்குப் பாரம். இப்பவும் பாரமா?"

நாற்காலிகளிலிருந்த தலைகள் திரும்பின. மருமகளுக்குக் காது மடல் எரிந்தது. இல்லை என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டால் எல்லோரும் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்கள்.

"ஆமா. பாரம்தான்," என்றாள்.

யாரோ உச்சுக்கொட்டும் சத்தம். கணவன் சமையலறை வாசலில் நின்றான், கையில் அந்தக் குப்பி.

"தூக்குங்க," என்றான்.

அதன்பிறகு அவள் நினைத்தபடியே நடந்தது. அத்தை படியிறங்க, கூட்டம் பின்னாலேயே இறங்கியது. "அண்ணே, அண்ணியையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க. ஒருத்தரும் மேல நிக்க வேணாம்," என்று தையல்காரரிடம் சொன்னாள். வேறு வீடுகளின் கதவையும் தட்டிச் சொன்னாள். சிலர் வந்தது மரியாதைக்கு, சிலர் அவள் முகத்தைப் பார்த்து. கடைசியாக ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கொக்கி வளையத்துக்கு எட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடி இறங்கினாள்.

மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அத்தையைக் கிடத்தினார்கள். நாத்தனார் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அம்மா மூக்குக்கண்ணாடி," என்றாள் நாத்தனார் திடீரென்று. "கண்ணாடி இல்லாம அம்மா ஒரு நாளும் இருந்ததில்லையே. மேலயே விட்டுட்டு வந்துட்டோமே."

"எடுத்துட்டு வர்றேன்," என்று கணவன் எழுந்தான்.

மண்டபத்து வாசலில் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. ரெண்டு நிமிஷம்."

அவள் விடவில்லை. விரல்கள் இன்னும் இறுகின. அவன் குனிந்து அந்தப் பிடியைப் பார்த்தான். தெரிந்த பிடி. கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான்.

பள்ளிக்கூட வாசல் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. எதிரே, மூன்றாம் மாடியின் பக்கவாட்டில், அவள் சாத்திவிட்டு வந்த ஜன்னல் பள்ளத்தை நோக்கி மெல்லத் திறந்துகொண்டிருந்தது.