நீலக்கல்லின் சீட்டு

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நமீபியாவின் உசாகோஸ் ஊரில் பதினேழு வருடமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். லூடோல்ஃப் என்ற ஜெர்மன் சேகரிப்பாளர் ஒரு கல்லைப் பார்த்த மாதிரி என் எழுத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘வானத்தின் நீலத்தை உறைய வைத்தது போல...’

(வேண்டாம். வானம் எல்லாருக்கும் கிடைக்கிறது. இது கிடைக்காது.)

நேராகவே சொல்கிறேன். அக்வாமரின், கடல்நீல மணிக்கல். ஆள்காட்டி விரல் நீளம், ஆறு பட்டை, உள்ளே ஒரு தூசு இல்லை. வெள்ளைப் பாறைத்துண்டின் மேல் நட்டு வைத்ததுபோல் நிற்கிறது. நுனியில் ஒரு கீறல்கூட இல்லை.

2
எடுத்தவள் வில்ஹெல்மினா கவாசெஸ். ஊரில் மீனா என்பார்கள். (நான் வைத்த பெயர் அல்ல, நம்புங்கள்.) தம்பி எலியாசர் மேலே கயிற்றைப் பிடித்திருக்க, எரோங்கோ மலையின் செங்குத்துப் பாறையில் தொங்கியபடி ஒரு பொந்துக்குள் தோள்வரை கையை விட்டாள். ஏதோ வழுவழுப்பாகப் பட்டது. உளியை வைத்தால் நுனி போய்விடும். சுற்றியிருந்த களிமண்ணை நகத்தாலேயே சுரண்டினாள். ஒன்பது மணி நேரம்.

(மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியபோது மீனா சிரித்தாள்: “ஒம்போது மணி நேரம் தொங்கினா செத்துருவேன். நாலுதான்.” சரி, நான்கு.)

ஸ்வெட்டரைக் கழற்றிக் கல்லைச் சுற்றிக்கொண்டு, ஜூலைக் குளிரில் (இங்கே அதுதான் குளிர்காலம்) நடுங்கியபடி இறங்கினாள்.

3
சாலையோரத்தில் அவள் கல் விற்கும் மேசை. நானும் எலியாசரும் இருந்தோம். லூடோல்ஃப் லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“நாப்பது வருஷமா இதைத்தான் தேடிட்டிருக்கேன்.”

விலை பேரமின்றிப் படிந்தது. அவர் ஒரு சிறு சீட்டில் எழுதினார்: கல்லின் பெயர், மலையின் பெயர், லூடோல்ஃப் சேகரிப்பு.

“என் பேரு எங்க?” என்றாள் மீனா.

“தோண்டுறவங்க பேரை எழுதுற வழக்கமில்ல, மீனா. யார் யார் சேகரிப்புல இருந்துச்சோ அவங்க பேருதான்.”

“என்கிட்டயும் மூணு நாள் இருந்துச்சே, கட்டிலுக்கடியில. அதுவும் சேகரிப்புதான்.”

எலியாசர் பல்லைக் கடித்தான். “பேரை வச்சு கஞ்சியா காய்ச்சப்போற? குடுத்துத் தொலைக்கா!”

“கயித்துல தொங்கினது நீயாடா?”

கல்லை மறுபடியும் ஸ்வெட்டருக்குள் சுற்றத் தொடங்கினாள். லூடோல்ஃப் அவசரமாகச் சீட்டை இழுத்துக் கீழே சேர்த்தார்: ‘முன்பு, வி. கவாசெஸ் சேகரிப்பு.’

“பேனா இல்லையா? பென்சில்ல எழுதுறீங்க?”

“மை மங்கிடும். பென்சில்தான் காலத்துக்கும் நிக்கும்.”

விசாரித்தேன், உண்மைதான். பென்சிலை அழிக்கலாம் என்பதும் உண்மைதான்.

4
முடிவு ஒன்று: ஊர் திரும்பும் விமானத்திலேயே அவள் பெயரை அழித்துவிட்டார். (மலிவானது. அந்தக் கண்ணை நான் பார்த்தேன்.)

முடிவு இரண்டு: கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கொளியில், அவள் பெயர்... (இனிப்பு அதிகம். வேண்டாம்.)

மீனாவிடமே கேட்டேன்.

“அவரு அழிச்சா எனக்குத் தெரியவா போகுது? நீங்க என் பேரைச் சரியா எழுதினீங்களா, அதைச் சொல்லுங்க.”

சரியாக எழுதவில்லை. அவள் குடும்பப் பெயர் அவர்கள் மொழியில் ஒரு சொடுக்கில் தொடங்குகிறது. மாடு ஓட்டும்போது கடைவாயில் நாக்கைச் சொடுக்குவோமே, அந்த ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. லூடோல்ஃப் அழித்தாரோ இல்லையோ, நான் முதல் ஒலியையே விழுங்கிவிட்டேன்.

இடம் விட்டிருக்கிறேன்: வில்ஹெல்மினா (    )கவாசெஸ். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், நாக்கை ஒருமுறை சொடுக்கிவிட்டுப் படியுங்கள்.